சாப்ட்டாச்சா, பாப்பாம்மா?

பக்கத்து அறைக்கு அக்கா குடிவந்த அன்று பால் காய்ச்சிய பாத்திரம் என் மகளின் கிண்ணத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அடுப்பில் வைத்தால் கம்பிகளுக்கு நடுவே சாய்ந்துவிடும் போலிருந்ததால் இடுக்கியால் பிடித்துக்கொண்டே காய்ச்சினார். பொங்கியபோது அடுப்பில் வழிந்தது போகப் பாதிதான் மிஞ்சியது. அதில் கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய், என் இடுப்பிலிருந்த மகளின் உதட்டில் விரலால் ஒரு சொட்டு. தனக்கென்று வந்தபோது பாத்திரத்தில் ஆடை மட்டும் ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, “எனக்கும் ஆச்சு” என்றார்.

அன்றைக்கு அதை ஒரு விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

மாடியில் இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் நானும் என் மகளும். கணவருக்கு வெளியூரில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். மற்றது ஒரே அறை, அதன் மூலையிலேயே சமையல் மேடை. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்த ஒற்றை அறைக்குத்தான் அக்கா வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, கல்யாணம் ஆகாதவர். தேரடித் தெருவில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர்.

அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“தோ இருக்குது கீழ்பென்னாத்தூரு. பஸ்சு ஓடிக்கினேதான் இருக்குது. தெனம் வந்துட்டுப் போறத வுட்டுட்டு இங்க எதுக்கு தனியா ரூமு? வூட்ல சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லங்க. வயித்துக்காக வந்தேன்.”

“எல்லாரும் வயித்துக்காகத்தான் வர்றாங்க. இந்த ஊர்ல அடுப்பே வேணாமே. எந்தப் பக்கம் திரும்பினாலும் அன்னதானம்.”

“அந்த வயிறு இல்லங்க” என்று அக்கா தன் மேல்வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “உள்ள புண்ணு.”

பிறகு என்னிடம் விவரமாகச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து முடித்த டாக்டர் கேட்டாராம், தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று.

“எனக்கு பதில் சொல்லத் தெரியலங்க. பள்ளிக்கூடத்துலகூட அப்டி முழிச்சதில்ல. ‘எல்லாரும் சாப்ட்டதும் சாப்பிடுவேன்’னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. நேரத்துக்குச் சாப்பிடலன்னா மாத்திரையெல்லாம் தண்டம், புண்ணு ஓட்டையாயிரும், அப்புறம் வயித்தக் கிழிச்சித்தான் பாக்கணும்னுட்டாரு.”

ஒன்பதாவது படிக்கும்போது அவருடைய அம்மா இறந்துபோனார். அப்போது கையில் எடுத்த கரண்டி. தம்பிகள் மூன்று பேர். அவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். எல்லோரும் அதே வீட்டில்தான். அடுப்பு மட்டும் அக்காவிடமே இருந்தது. ஒருவர் விடியற்காலையில் கொல்லையில் உழவு வேலைக்குப் போவார், ஒருவர் வேன் ஓட்டிவிட்டு எந்த நேரத்திலாவது வருவார், பிள்ளைகளுக்குப் பள்ளி, தம்பி மனைவிகளில் இரண்டு பேருக்கு வேலை.

“கடைசி ஆளுன்னு ஒருத்தரே கெடையாதுங்க எங்க வூட்ல. ஒருத்தரு எழுந்தா இன்னொருத்தரு வந்து ஒக்காருவாங்க. யாரும் என்ன சாப்பிடாதன்னு சொன்னதில்ல. பொய் சொல்லக் கூடாது. எனக்குத்தான் எறங்காது.”

அதனால்தான் அறை. தனக்குத் தானே ஆக்கி, வெந்ததும் சாப்பிட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார். அது ஒரு வைத்தியம். வேறு எதற்காகவும் அவர் அந்த வீட்டை விட்டு வந்திருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒருவருக்குச் சமைப்பது அவருக்குப் பெரிய வித்தையாக இருந்தது. “பத்து பேருக்குன்னா கண்ண மூடிக்கினு ஆக்குவேன். ஒருத்தருக்குன்னா கையளவு தப்புது” என்பார். உப்பு எப்போதும் கூடிவிடும். களி கிண்டினால் கை சுட்டுக்கொள்ளும். ஒரே உருண்டைக்கு நீளத் துடுப்பைப் பிடிக்க முடியாது, ஆவி நேராக விரலுக்கு வரும். காய் விற்கும் அம்மாவிடம் கத்தரிக்காய் பாதிக் கூறு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். “பாதிக் கூறா? மீதிய நான் யாருக்கு போடறது, அருணாச்சலேஸ்வரருக்கா?” என்று அந்த அம்மா கேட்டதை அப்படியே நடித்துக் காட்டினார். அதன் பிறகு நாங்கள் கூட்டு வைத்துக்கொண்டோம். கூறு ஒன்று, பங்கு இரண்டு. முட்டைக்கோஸை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி.

அவர் சமையலில் எதுவும் விலை கூடியதில்லை. பச்சைப்புளி ரசம் அடிக்கடி இருக்கும். புளியைக் கரைத்து, சுட்ட மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் கையால் நசுக்கிப் போட்டு, துளி வெல்லம். அடுப்பே வேண்டாம். வயிற்றுப்புண்ணுக்குப் புளி ஆகாதே என்று நான் பயப்படுவேன். “பேருக்குத்தாங்க புளி, தண்ணிதான் ஜாஸ்தி” என்பார். ஓனர் அம்மாவின் முருங்கையிலிருந்து கீரை. ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து அரைத்த துவையல். ரேஷன் அரிசிச் சோறு. ஒரே ஒரு முட்டை வாங்கி உள்ளங்கையில் பொத்தி, ஏதோ குஞ்சைக் கொண்டுவருவது போலப் படியேறி வருவார்.

வந்த சில நாட்களில் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். மாலையில் வேலை முடிந்து வந்து, சமைத்து, மூடி வைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்காருவார்.

“சாப்ட்டாச்சா, பாப்பாம்மா?”

என்னை அப்படித்தான் கூப்பிடுவார், பாப்பாவின் அம்மா என்பதைச் சேர்த்து.

“இன்னும் இல்லக்கா. இவ வாயே திறக்க மாட்டேங்கறா.”

“சரிங்க, சரிங்க.”

உள்ளே போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தலை தெரியும். “இப்ப ஆச்சா?”

என் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. எடை ஏறவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பருப்புச் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலையைக் காட்டுவேன், மாட்டைக் காட்டுவேன், கோபுரத்து விளக்கைக் காட்டுவேன். அவள் எல்லாவற்றையும் பார்ப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். அவள் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? அந்த நிலையில் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் அக்கறையாக விசாரிப்பது எனக்கு இதமாக இருந்தது. சாப்பிட்டாச்சா என்பது நம் ஊரில் யாரும் யாரையும் கேட்பதுதானே. பதிலுக்காகக் கேட்பதுகூட இல்லை.

“உங்க வூட்டுக்காரரு?”

“அவர் மெஸ்ல சாப்பிட்டிருப்பார்க்கா.”

“இருப்பாருன்னா? ஒரு போன் போட்டுப் பாருங்களேன்.”

போட்டேன். “ம், ஆச்சு” என்றார் அவர், நான் கேள்வியை முடிப்பதற்குள். அதைச் சொன்னதும் அக்கா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

பிறகு ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல். சாயங்காலத்திலிருந்து அவளைத் தோளை விட்டு இறக்க முடியவில்லை. அக்கா வந்து கேட்டபோதெல்லாம் இல்லக்கா, இல்லக்கா என்றுதான் சொன்னேன். நானும் சாப்பிடாமலே தூங்கிப்போனேன். மறுநாள் காலை துணிக்கடையிலிருந்து ஒரு பெண் ஆட்டோவில் அவரைக் கூட்டிவந்து மாடிப்படியில் உட்கார வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிக் கிடந்தார். அவர் அறையைத் திறந்து படுக்க வைத்துவிட்டு, கஞ்சி வைக்கலாம் என்று பாத்திரத்தை எடுத்தேன். முந்தைய நாள் சோறு அப்படியே இருந்தது. கீரையும் அப்படியே. தொடவே இல்லை.

“ஏன்க்கா சாப்பிடல?”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடவில்லை. கஞ்சி இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான் சொன்னார்.

“பாப்பா காய்ச்சல்ல கெடக்குறா. நீங்க பட்டினி. நான் இங்க ஒக்காந்து எப்டிங்க சாப்பிடறது?”

“அக்கா, நாங்க வேற வீடு.”

“தெரியுதுங்க. பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. தட்ட எடுப்பேன், சோத்தப் போடுவேன், ஒக்காருவேன். வாய்கிட்ட கொண்டுபோறப்போ யாரோ வர்ற மாதிரியே இருக்கும். யாருக்கோ இன்னும் போடல, போடலன்னு இருக்கும். உங்க வூட்ல ஆச்சுன்னு காதுல விழுந்தாத்தான் அது அடங்குது.”

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அத்தனை நாளும் அவர் விசாரிக்கவில்லை, உத்தரவு கேட்டிருக்கிறார். பத்துப் பேரை ஊரில் விட்டுவிட்டு வந்து, அந்த இடத்தில் எங்களை உட்கார வைத்துவிட்டார்.

அன்று மாலையிலிருந்து பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

“சாப்ட்டாச்சா, பாப்பாம்மா?”

“ஆச்சுக்கா. பாப்பாவுக்கும் ஆச்சு. அவருக்கும் ஆச்சாம்.”

உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்கும். அவரிடம் இருந்தது ஒரே தட்டு. அடி வளைந்த எவர்சில்வர் தட்டு, தரையில் வைத்தால் நிற்காமல் சுற்றிச் சுற்றி ணங்ணங்கென்று ஆடிவிட்டுத்தான் அடங்கும். அந்தச் சத்தம் அடங்கினால் அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் நான் என் மகளின் சோற்றைப் பிசைவேன்.

ஆனால் பொய் அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஆச்சு என்று சொல்லி வாய் மூடவில்லை, என் குக்கர் கூவிவிட்டது.

“இன்னாங்க இது, சாப்ட்டு முடிச்ச வூட்ல குக்கர் கூவுது?”

“அது… நாளைக்குப் பருப்பு வேக வைக்கறேன்க்கா.”

“நாளைக்குப் பருப்ப இன்னிக்கே வேக வெக்கற அளவுக்கு எப்பலேர்ந்து சமத்தானீங்க?”

சிரித்தார். ஆனால் அன்று தட்டுச் சத்தம் வரத் தாமதமானது. அதன் பிறகு நான் சோற்றைப் பானையில் வடித்தேன். படித்த பெண், ஒரு பொய்க்காகக் குக்கரை மேலே தூக்கி வைத்தேன் என்று கணவரிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. சாப்பிட்டாச்சு என்றால் விடமாட்டார், “இன்னா சாப்ட்டீங்க?” என்பார். அவரைப் பொறுத்தவரை சாப்பிட்டவர்களுக்கு அதைச் சொல்லத் தெரியும். தான் சாப்பிட்ட அன்றைக்கு நான் கேட்காமலே சுவருக்கு அப்பாலிருந்து சத்தமாகச் சொல்வார்: “கீரைய கடைஞ்சேன், ஒரு அப்பளம் சுட்டேன், அம்ருதமா இருந்துச்சு!” நான் ஒவ்வொரு நாளும் ஒரு குழம்பைக் கற்பனை செய்யவேண்டியிருந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு இப்படிப் பொய் சொல்கிறோமே, அவள் காதில் விழுமே என்று வேறு கவலை. கவலைப்பட்டது வீண் போகவில்லை. என் மகள் பேசிய முதல் சொற்களில் ஒன்று ‘ஆச்சு’. ஒரு வாய் சோற்றைக்கூட விழுங்காமல் கையை விரித்து “ஆச்சு” என்பாள். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். “பாரேன், அம்மாவாட்டமே!” அவருக்குத் தெரிந்துதான் இருந்ததா? பல முறை யோசித்திருக்கிறேன். தெரிந்திருந்தும் அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும் என்று இருந்திருக்கலாம்.

ஒரு பௌர்ணமியன்று நான்தான் வற்புறுத்திக் கிரிவலப் பாதைக்கு அழைத்துப் போனேன். அடி அண்ணாமலை பக்கம் ஒரு பந்தலில் சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயாவது அடுப்பும் இல்லை, யாருக்கும் போட வேண்டியதும் இல்லை, தொன்னையில் வாங்கி அப்படியே சாப்பிட்டுவிடுவார் என்று நினைத்தேன். வரிசையில் அவரை முன்னால் விட்டு நான் பின்னால் நின்றேன். மகள் பலூன் கேட்டு அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்துபோய்த் திரும்பி வந்து பார்த்தால் அக்காவைக் காணோம். அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா! நீங்க வாங்கத்தானே போனீங்க?”

“அந்தப் பையன் அள்ளறது சரியில்லங்க. அடியில காய் தங்கிப்போவுது. கடைசியா வர்றவங்களுக்கு வெறும் காய், மொத ஆளுக்கு வெறும் சோறு. கிளறி வுட்டுப் போடணும். தோ, நீங்க புடிங்க.”

என் கையில் ஒரு தொன்னை வந்தது. அண்டா காலியாகும்வரை அவர் நகரவில்லை. பந்தல்காரர்கள் அவரை யாரோ உபயதாரர் வீட்டு அம்மா என்று நினைத்து மாலை போட வந்தார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். வீட்டுக்கு வந்து, காலையில் ஆக்கிய ஆறிப்போன சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார்.

ஆனால் நல்ல நாட்களும் இருந்தன. மெதுவாகத்தான் வந்தன. கடையில் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். அக்கா எப்போதும் தானாகவே கடைசிப் பிரிவில் போய் நிற்பார். நான் தினமும் மதியம் போன் செய்து “எங்களுக்கு ஆச்சுக்கா” என்று சொல்ல ஆரம்பித்த பிறகு முதல் பிரிவுக்கு மாறினார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மாத்திரையைக் குறைத்தார்கள். ஒருவருக்கான உப்பு கைக்குப் பிடிபட்டுவிட்டது என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்டது. ணங்ணங்கென்று ஆடி அடங்கியது. ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் இன்னும் என்னைக் கேட்கவே இல்லை. நான் ஆச்சு என்று சொல்லவே இல்லை. தானாக உட்கார்ந்துவிட்டார். கணவருக்கு உடனே போன் செய்து சொன்னேன். “பக்கத்து வீட்டம்மா சாப்ட்டதுக்கா இவ்ளோ சந்தோஷம்?” என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தம்பி வந்தார்.

அன்று அக்காவுக்கு வார விடுமுறை. கதவு திறந்திருந்தது. முருங்கைக்கீரைப் பொரியலும் ரசமும் செய்து, தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, கையை வைக்கப் போகிற நேரம். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம். பெரிய தம்பி, வேன் ஓட்டுபவர். தோளில் ஒரு சின்ன மூட்டை மல்லாட்டை. முகத்தைப் பார்த்தாலே நல்ல மனிதர் என்று தெரியும். என் மகளைப் பார்த்ததும் ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து நீட்டினார்.

“எப்டி இருக்கற அக்கா? எளச்சிருப்பன்னு பாத்தா நல்லாத்தான் இருக்கற.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அதற்குள் தட்டு அக்காவுக்கு முன்னாலிருந்து அவருக்கு முன்னால் போய்விட்டது. போனது எனக்கே தெரியவில்லை. ஆடி அடங்கிய சத்தம் மட்டும் கேட்டது.

“ஒக்காருடா. சூடு ஆறுது.”

“நீ?”

“நான் அப்பவே சாப்ட்டேன்டா.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

சொல்லியிருக்கலாமா? அவர்கள் அக்காவும் தம்பியும். நான் பக்கத்து போர்ஷன். சொன்னால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது, அக்காவுக்கு அது இன்னும் பெரிய வேதனை. நான் வீட்டுக்குப் போய் என் சாதப் பாத்திரத்தை எடுத்துவந்தேன். “அக்கா, எங்க வீட்ல நிறைய ஆக்கிட்டேன்” என்று அக்காவின் பக்கமாக நீட்டினேன்.

“ஐயோ, வேணாங்க. நான் கம்மியாத்தான் சாப்பிடுவேன்” என்றார் தம்பி, தனக்கென்று நினைத்து.

“போடுங்க பாப்பாம்மா, அவன் கூச்சப்படறான்” என்று அக்கா அதையும் வாங்கித் தம்பியின் தட்டில் போட்டார்.

அவர் ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே வந்த விஷயத்தைச் சொன்னார். மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். குனிந்து நிமிரக் கூடாதாம். மற்ற இரண்டு தம்பிகளின் மனைவிகளுக்கும் ஆளுக்கொரு வேலை. பிள்ளைகள் ஹோட்டல் இட்லியே சாப்பிடுகிறார்கள்.

“கொஞ்ச நாளைக்குத்தான்க்கா. அது எழுந்து நடமாடற வரைக்கும். உன் கையால சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு பாரு.” கையிலிருந்த சோற்றைப் பார்த்தபடி சொன்னார், கண் கலங்கியிருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

அவர் கீழே போன பிறகு கேட்டேன். “உங்க வயிறு என்ன ஆகும்க்கா?”

“அது எங்க போவுது? என்கூடத்தான வருது.”

“டாக்டர் சொன்னது…”

“அங்க அவன் பொண்டாட்டி படுத்துக் கெடக்கும், நான் இங்க ஒக்காந்து அப்பளம் சுட்டுச் சாப்பிடுவனா? நீங்களே சொல்லுங்க.” பையில் புடவைகளை அடுக்கினார். “வந்துருவேங்க. ஓனரம்மா கேட்டா வந்துருவேன்னு சொல்லுங்க. ரூமை வேற யாருக்கும் வுட வேணாம்னு சொல்லுங்க.”

கிளம்பும்போது பழக்கத்தில் என்னைக் கேட்டார். “சாப்ட்டாச்சா, பாப்பாம்மா?” என் பாத்திரம் காலியாக என் கையில்தான் இருந்தது. “ஆச்சுக்கா” என்றேன்.

அவர் வரவில்லை. தம்பி மனைவி எழுந்து நடமாடும் நேரத்தில் சின்னத் தம்பி மனைவிக்குப் பிரசவம் வந்தது. கொஞ்ச மாதங்களில் பெரிய தம்பியே வந்து அறையைக் காலி செய்தார். எல்லாச் சாமான்களும் ஒரே சாக்கில் அடங்கிவிட்டன. கடைசியாகத் தட்டைப் போட்டபோது அது உள்ளேயே ணங்கென்றது. பால் காய்ச்சிய பாத்திரத்தை மட்டும் என் மகளிடம் கொடுத்தார். “பாப்பாவுக்குக் குடுக்கச் சொன்னாங்க.”

“அக்கா எப்படி இருக்காங்க?”

“நல்லாருக்காங்க. அவங்க வந்தப்புறந்தான் வூடு வூடா இருக்குது.”

ஒருநாள் மதியம் மனது கேட்காமல் போன் செய்தேன். எடுத்ததும் அந்த வீட்டின் சத்தம்தான் முதலில் வந்தது. டிவி, குழந்தை அழுகை, பாத்திரங்கள்.

“சாப்ட்டீங்களாக்கா?”

“ம், ஆச்சுங்க.”

அவ்வளவு வேகமாக. என் கணவர் சொல்வதைப் போல. நான் வாசற்படியிலும் மாடிப்படியிலும் நின்று அவரிடம் சொன்னதைப் போல.

“என்ன சாப்ட்டீங்க?”

அந்தப் பக்கம் யாருக்கோ கரண்டியால் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அடுக்கினார். “சாம்பாரு, ரசம், கத்திரிக்கா பொரியலு, அப்பளம், மோரு… பாயசம்கூட வெச்சேன், இன்னிக்கு ஒரு புள்ளைக்குப் பொறந்த நாளு.”

அது ஆக்கியவரின் பட்டியல். சாப்பிட்டவர் அப்படிச் சொல்ல மாட்டார். எப்படி இருந்தது என்று ஒரு சொல் இல்லை.

“நீங்க? பாப்பா?”

என் அடுப்பில் அப்போதுதான் அரிசி ஏறியிருந்தது. அவர் போன பிறகு நான் குக்கருக்குத் திரும்பியிருந்தேன்.

“எங்களுக்கெல்லாம் ஆச்சுக்கா” என்று நான் சொல்லவும் அது கூவவும் சரியாக இருந்தது. சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

“சரிங்க” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “அப்போ நான் போய் சாப்பிடறேன்.”

அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “அக்கா, மோரு!”

“தோ வரேன்டா.”

போனை அணைக்க மறந்து எங்கேயோ வைத்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. அவர் நடக்கிற சத்தம், மோர் ஊற்றுகிற சத்தம், “இன்னும் கொஞ்சம் போடட்டா?”, “நீ ஒக்காரு, நான் எடுக்கறேன்”, புதிதாக யாரோ வந்த செருப்புச் சத்தம், “வாடா, கை கழுவிக்கினு வா.” என் குக்கர் ஆவி அடங்கிவிட்டது. மகள் வந்து முந்தானையை இழுத்தாள். அவளுக்குச் சோறு பிசைந்து, ஒவ்வொரு வாயாக ஊட்டி முடிக்கும்வரை போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். எத்தனையோ தட்டுகள் எடுத்தார்கள், வைத்தார்கள், கழுவப் போட்டார்கள். சுற்றிச் சுற்றி ஆடி அடங்குகிற அந்த ஒரு தட்டின் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.